விண்டோஸ் 11க்கு மாறும் முன்

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தந்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றன. மறுநாளும் கணினி ஓடியது, பில் அச்சானது, படம் ஓடியது. அதனால்தான் பலர் இன்னும் அப்படியே விட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அந்தக் கணினியில் யாரும் அடைப்பதில்லை. வங்கிக் கணக்கு, வருமான வரிக் கணக்கு, வாடிக்கையாளர் விவரம் ஆகியவை இருக்கும் கணினியை அப்படி விட்டுவைப்பது சரியல்ல. மாறத்தான் வேண்டும்.

மாறுவது எளிது. விண்டோஸ் 10க்கு உரிமம் இருந்தால் 11க்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஹோம் பதிப்பு ஹோமாகவும், ப்ரோ பதிப்பு ப்ரோவாகவும் மாறும். ஓர் இரவில் கணினி தானாகவே அந்த வேலையை முடித்துவிடும். நம்முடைய வேலை அதற்கு முந்தைய ஒரு வாரத்தில் இருக்கிறது, இந்த அத்தியாயம் அந்த ஒரு வாரத்தைப் பற்றியது. இதில் ஒன்றை மட்டுமே செய்ய நேரம் இருந்தால், கோப்புகளை நகலெடுக்கும் பகுதியைச் செய்யுங்கள். மற்ற எது பிசகினாலும் சரிசெய்துவிடலாம்.

உங்கள் கணினி தகுதி பெறுமா

மைக்ரோசாஃப்ட் கேட்கும் குறைந்தபட்சம் இது: 64 பிட் ப்ராசசர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், செக்யூர் பூட் வசதி கொண்ட யூஇஎஃப்ஐ, டிபிஎம் 2.0. இவற்றை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ‘பிசி ஹெல்த் செக்’ என்ற சிறிய செயலியை மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்தே இறக்கி இயக்குங்கள். தகுதி உண்டா இல்லையா என்பதையும், இல்லை என்றால் எந்த இடத்தில் தடை என்பதையும் அது சொல்லிவிடும்.

பெரும்பாலும் தடை இரண்டு இடங்களில் வரும். ஒன்று ப்ராசசர். இன்டெல் என்றால், சில விதிவிலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறை முதல்தான் அனுமதி. ஐ5-8250யு என்ற எண்ணில் கோட்டுக்குப் பின் வரும் 8 தான் தலைமுறை. ஐ5-7200யு ஏழாம் தலைமுறை, அது தேறாது. 10210யு என்பதுபோல் ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டைச் சேர்த்துப் பத்தாம் தலைமுறை என்று படிக்க வேண்டும். ஏஎம்டி ரைசனில் 2000 வரிசையில் சில தேறும், சில தேறாது; அங்கே எண்ணைப் பார்த்து முடிவுகட்டாமல் செயலி சொல்வதைக் கேளுங்கள்.

இரண்டாவது தடை டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லு. இது பலமுறை பொய்யான தடையாக இருக்கும். சில்லு உள்ளே இருக்கும்; பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் போர்டுகளில் அதன் பெயர் பிடிடி, ஏஎம்டி போர்டுகளில் எஃப்டிபிஎம். டிபிஎம் இல்லை என்று செயலி சொன்னதும் புதுக் கணினி வாங்கக் கிளம்பிவிட வேண்டாம். ப்ராசசர் தேறியிருந்தால் டிபிஎம் உள்ளே இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. அதை எப்படி, எந்த வரிசையில் இயக்குவது என்பது பின்னால் வருகிறது. அந்த வரிசை முக்கியம் என்பதால் இப்போதே பயாஸுக்குள் நுழைந்துவிடாதீர்கள்.

4 ஜிபி ரேம் போதும் என்று தாளில் எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. நான்கில் விண்டோஸ் 11 ஓடும், பிரவுசரைத் திறந்தால் திணறும். எட்டாக்குங்கள். அதைவிடப் பெரிய மாற்றம் டிஸ்க்கில் இருக்கிறது. உங்கள் கணினியில் இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் இருக்கிறது என்றால், மேம்படுத்தலுக்கு முன்பே அதை எஸ்எஸ்டியாக மாற்றிவிடுங்கள். பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு க்ளோன் செய்து, எஸ்எஸ்டியில் ஓடத் தொடங்கியபின் விண்டோஸ் 11க்கு மாறுங்கள். கழற்றிய பழைய டிஸ்க்கை அழிக்காமல், விற்காமல், அலமாரியில் வையுங்கள். க்ளோன் செய்த நாள்வரை உங்கள் கணினி எப்படி இருந்ததோ அது முழுவதும் அதில் இருக்கும்.

தேறவில்லை என்றால்

தகுதிச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11ஐப் போட்டுவிடும் குறுக்குவழிகள் உண்டு, ‘போட்டுத் தருகிறேன்’ என்பவர்களும் உண்டு. அப்படிப் போட்ட கணினிக்குத் தொடர்ந்து திருத்தங்கள் வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. திருத்தங்களுக்காகத்தானே மாறுகிறோம்? 24எச்2 பதிப்பு முதல் எஸ்எஸ்இ 4.2, பாப்கவுண்ட் ஆகிய கட்டளைகள் இல்லாத ப்ராசசரில் விண்டோஸ் 11 துவங்கவே துவங்காது. கோர் 2 டுவோ காலத்துக் கணினிகளுக்குக் குறுக்குவழியும் கிடையாது. கணக்கு வழக்கு இருக்கும் கணினியில் இந்தக் குறுக்குவழி வேண்டாம் என்பதே என் முடிவு.

அதற்குப் பதிலாக வேறு வழிகள் இருக்கின்றன. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் தருகிறது. விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும். செட்டிங்ஸை விண்டோஸ் பேக்கப் வழியாகக் கணக்கோடு இணைத்தால் கட்டணம் இல்லை. இணைக்க விருப்பமில்லாதவர்கள் 30 டாலரோ அதற்கு ஈடான ரூபாயோ கட்டலாம். இது யோசிப்பதற்கான அவகாசம் மட்டுமே. அதற்குப் பிறகும் அந்தக் கணினியை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள், பிரவுசரும் லிப்ரே ஆஃபிஸும் போதும் என்றால், லினக்ஸ் மின்டைப் பாருங்கள். எட்டு, பத்து ஆண்டு பழைய கணினியும் அதில் நன்றாக ஓடும். டாலி போன்ற விண்டோஸ் மென்பொருள் தேவைப்படுகிறவர்களுக்கு அந்த வழி ஒத்துவராது.

கோப்புகளைக் காப்பது

‘எல்லாம் டி டிரைவில் பத்திரமாக இருக்கிறது.’ கணினி பழுதுபார்க்கும் எந்தக் கடையிலும் தினமும் கேட்கும் வாக்கியம் இது. கணினி வாங்கியபோது கடைக்காரர் ஒரே டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, சி என்றும் டி என்றும் பெயர் கொடுத்திருப்பார். பார்க்க இரண்டாகத் தெரிந்தாலும் உள்ளே ஒரே டிஸ்க்தான். அது செத்தால் இரண்டும் சேர்ந்தே போகும். விண்டோஸைப் புதிதாகப் போடும்போது பார்ட்டிஷன் பட்டியலில் தவறான வரியைத் தேர்ந்து டெலீட் அழுத்தினாலும் டி போய்விடும். அந்தப் பட்டியலில் சி, டி என்ற எழுத்துகள் தெரியாது, பார்ட்டிஷன் 3, பார்ட்டிஷன் 4 என்று எண்கள்தான் தெரியும். ஆகவே டி டிரைவில் இருப்பதை நகல் என்று கணக்கில் சேர்க்காதீர்கள்.

நகல் என்றால் கணினியை விட்டு வெளியே இருக்க வேண்டும். புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 என்ற விதி இன்றும் பொருந்துகிறது: மொத்தம் மூன்று பிரதிகள், இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். கணினியில் இருப்பது ஒன்று. வெளியே மாட்டும் ஹார்ட் டிஸ்க் ஒன்று. மிக முக்கியமானவை மட்டும் கூகுள் டிரைவிலோ ஒன்டிரைவிலோ ஒன்று. கூகுளில் 15 ஜிபியும் ஒன்டிரைவில் 5 ஜிபியும் இலவசம். ஒரு குடும்பத்தின் ஆவணங்களுக்கு அது போதும். புகைப்படங்களுக்குப் போதாது, அவற்றை இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து உறவினர் வீட்டில் வைக்கலாம்.

ஒன்டிரைவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களை ஒன்டிரைவ் இணையத்தோடு ஒத்திசைக்கும்போது, இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், இங்கே கெட்டுப்போனால் அங்கேயும் கெட்ட கோப்பே போய்ச் சேரும். இணையத்தில் பாருங்கள், கோப்பு உண்மையிலேயே அங்கே இருக்கிறதா என்று. இன்னொன்றையும் கவனியுங்கள். கோப்பின் பக்கத்தில் மேகம் போன்ற குறி இருந்தால் அது கணினியில் இல்லை, பெயர் மட்டுமே இருக்கிறது. இணையம் இல்லாமல் அதை ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுக்க முடியாது.

எதையெல்லாம் எடுப்பது? டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லோருக்கும் நினைவு வரும். விட்டுப்போவது மற்றவை. டெஸ்க்டாப்பில் ‘நியூ ஃபோல்டர்’ என்ற பெயரிலேயே கிடக்கும் ஃபோல்டர்கள். டவுன்லோட்ஸில் வந்து விழுந்து அங்கேயே இருந்துவிட்ட பத்திரங்கள், மார்க் ஷீட்கள். சி டிரைவின் நேர் அடியில் ஏதோ ஒரு மென்பொருள் உருவாக்கிக்கொண்ட தரவு ஃபோல்டர். அவுட்லுக் வைத்திருக்கும் பிஎஸ்டி கோப்பு. பல ஆண்டு மின்னஞ்சல்கள் அந்த ஒரு கோப்பில் இருக்கும், அவுட்லுக்கை மூடிவிட்டுத்தான் அதை நகலெடுக்க வேண்டும். பிரவுசரின் புக்மார்க்குகள், சேமித்த கடவுச்சொற்கள். கடவுச்சொற்களைக் கோப்பாக ஏற்றுமதி செய்தால் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி அப்பட்டமாக இருக்கும். ஆகவே வேலை முடிந்ததும் அந்தக் கோப்பை அழித்துவிட வேண்டும்.

டாலி வைத்திருப்பவர்கள் டேட்டா ஃபோல்டரை நகலெடுத்தால் மட்டும் போதும் என்று நின்றுவிட வேண்டாம். டாலி பிரைமில் ஆல்ட் ஒய் அழுத்தினால் வரும் டேட்டா பட்டியலில் பேக்கப் இருக்கிறது, அதையும் எடுங்கள். கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையில் டேட்டா பாத் தெரியும். எல்லாக் கம்பெனிகளும் ஒரே இடத்தில் இருக்கும் என்று நம்பாமல் அதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸைப் புதிதாகவே போடப்போகிறீர்கள் என்றால், முன்னதாக டாலி உரிமத்தை சரண்டர் செய்துவிட வேண்டும். இருப்பதன்மேலேயே மேம்படுத்தும்போது பொதுவாக அது தேவைப்படாது.

நகலெடுக்கும்போது ஒரு பெரிய கோப்பு மட்டும் போக மறுத்து, இடம் இருந்தும் கோப்பு பெரிது என்று சொன்னால், பென் டிரைவ் ஃபேட்32 வடிவத்தில் இருக்கிறது என்று பொருள். அந்த வடிவம் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக் கோப்பை ஏற்காது. பென் டிரைவில் இருப்பதை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, எக்ஸ்ஃபேட் வடிவத்தில் ஃபார்மேட் செய்தால் சரியாகும்.

நகல் எடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டுங்கள். ஐந்து வருடத்துக்கு முந்தைய ஒரு புகைப்படம், ஓர் எக்செல், ஒரு பிடிஎஃப் என்று கைக்கு வந்ததைத் திறந்து பாருங்கள். ஒரு வீடியோவைக் கடைசி நிமிடம் வரை ஓட்டுங்கள். டாலி பேக்கப்பை வேறொரு ஃபோல்டரில் மீட்டெடுத்து, கடைசி வவுச்சர் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் ஃபோல்டரின்மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் கோப்புகளின் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று ஒப்பிடுங்கள். திறந்து பார்க்காத நகலை நகல் என்று நான் ஒத்துக்கொள்வதே இல்லை. சோதித்த பிறகு அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கணினியிலிருந்து கழற்றி எடுத்து வையுங்கள்; மேம்படுத்தல் முடியும்வரை அது மாட்டியிருக்கவே கூடாது.

48 இலக்க எண்

கடந்த சில ஆண்டுகளில் வாங்கிய பல லேப்டாப்களில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். ப்ரோ பதிப்பில் பிட்லாக்கர் என்றும் ஹோமில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்றும் இதற்குப் பெயர். உரிமையாளருக்கே இது தெரியாமல் இருக்கலாம், ஏனென்றால் தினசரிப் பயன்பாட்டில் அது குறுக்கே வருவதில்லை. பயாஸில் கைவைத்தாலோ, டிபிஎம்மை மாற்றினாலோ, மறுமுறை துவங்கும்போது நீலத்திரை வந்து 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கலாம். அந்த எண் இல்லாவிட்டால் டிஸ்க்கில் இருப்பதை யாராலும் மீட்க முடியாது. மைக்ரோசாஃப்டாலும் முடியாது.

அந்த எண் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் கணினியை முதன்முதலில் தயார்செய்தபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில். இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. கடையில் வாங்கும்போது ‘மெயில் ஐடி சொல்லுங்க’ என்று கேட்டிருப்பார்கள், அவசரத்தில் மகனுடையதையோ, கடைப்பையன் தன்னுடையதையோ கொடுத்திருக்கலாம். கல்லூரிக் கணக்கைக் கொடுத்திருந்தால் சாவி கல்லூரியிடம் இருக்கும். படிப்பு முடிந்ததும் கணக்கை மூடிவிடுவார்கள். ஆகவே இப்போதே, எல்லாம் நன்றாக ஓடும்போதே, தேடி எடுங்கள். பிரவுசரில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, டிவைசஸ் பகுதியில் உங்கள் கணினியின் பெயருக்குக் கீழே பிட்லாக்கர் கீ இருக்கிறதா என்று பாருங்கள். ப்ரோ பதிப்பில் கன்ட்ரோல் பேனலின் பிட்லாக்கர் பக்கத்திலிருந்தே சாவியை அச்சிட முடியும்.

கிடைத்த எண்ணைத் தாளில் அச்சிட்டு, ரேஷன் கார்டும் பத்திரமும் இருக்கும் கோப்பில் வையுங்கள். அதே கணினியில் சேமித்து வைத்தால் தேவைப்படும் நேரத்தில் எடுக்க முடியாது. கைபேசியில் படம் பிடித்து வைப்பது கூடுதல் பாதுகாப்பு. சாவி எங்கேயும் கிடைக்கவில்லை என்றால், கணினி இன்னும் திறக்கும் நிலையில் இருப்பதால், என்கிரிப்ஷனையே அணைத்துவிடலாம். டிஸ்க்கின் அளவைப் பொறுத்து சில மணி நேரம் ஆகும், அது முழுதாக முடியும்வரை பொறுத்திருங்கள்.

மாறிய பின்னும் இப்படி ஒரு தாள் தேவைப்படும். 24எச்2 முதல், விண்டோஸ் 11ஐப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே இயங்கிவிடுகிறது. புதுச் சாவிக்குப் புதுத் தாள்.

பழைய மென்பொருளும் பழைய எழுத்துருவும்

விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பு இருந்ததால், அதில் டாஸ் காலத்து 16 பிட் மென்பொருள்களும் ஓடின. நகைக்கடை, மளிகை மொத்த வியாபாரம், நிதி நிறுவனம் என்று பல இடங்களில் ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதப்பட்ட கருப்புத்திரை பில்லிங் இன்னும் வேலைசெய்கிறது. எழுதிக் கொடுத்தவர் தொழிலையே விட்டிருப்பார், மென்பொருள் மட்டும் இருபது ஆண்டுகளாக ஒரு குறையும் இல்லாமல் உழைத்திருக்கும். விண்டோஸ் 11இல் அது நேரடியாக ஓடாது. டாஸ்பாக்ஸ் போன்ற ஒரு போலிச் சூழலுக்குள் ஓட்டலாம், ஆனால் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு அச்சு போகிறதா என்பதை முன்கூட்டியே சோதிக்க வேண்டும். சோதனையை வேறு கணினியில் செய்யுங்கள். ஒத்துவரவில்லை என்றால் அந்தப் பழைய கணினியை இணையத்திலிருந்து துண்டித்து பில்லுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற வேலைகளுக்கு இன்னொன்று வாங்குவது நல்லது. உங்கள் விண்டோஸ் 10, 32 பிட்டா 64 பிட்டா என்பது செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்ற பக்கத்தில் இருக்கிறது. 32 என்றால் ஒரு முக்கியமான விளைவு உண்டு: இருப்பதன்மேல் மேம்படுத்த வழியில்லை, எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும்.

அச்சகங்களுக்கும் இதேதான். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. அதில் செய்த கல்யாணப் பத்திரிகை வடிவங்களும் கோயில் நோட்டீஸ்களும் ஆயிரக்கணக்கில் இருக்கும் அச்சகம், அந்தக் கணினியை மாற்றுவதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். எழுத்துரு மென்பொருளுக்கு யுஎஸ்பி டாங்கிள் இருந்தால் அதன் டிரைவர் விண்டோஸ் 11க்கு வந்திருக்கிறதா என்று விற்றவரிடம் கேளுங்கள். விண்டோஸ் 11இன் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ பாதுகாப்பு, பழைய டிரைவர்கள் பலவற்றை ஏற்க மறுக்கும்.

தமிழ் எழுத்துருக்களுக்கு வருவோம். பாமினி, வானவில், டாம், டாப் என்று பழைய குறியாக்கங்களில் தட்டச்சு செய்த கோப்புகள் எல்லா அலுவலகங்களிலும் இருக்கின்றன. இவற்றில் தமிழ் எழுத்து ஆங்கில எழுத்துகளும் பிற குறிகளும் இருக்கும் இடங்களில் ஏற்றி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் கோப்பு முழுவதும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர்கள் உண்டு. இருப்பதன்மேல் மேம்படுத்தினால் எழுத்துருக்கள் தங்கும். புதிதாகப் போட்டால் போய்விடும். எனவே எழுத்துருக் கோப்புகளையும் நகலெடுங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸை மட்டும் எடுத்தால் முழுமையாகாது. நிர்வாகி அனுமதி இல்லாமல் நிறுவியவை உங்கள் பயனர் ஃபோல்டருக்குள், ஆப் டேட்டா என்ற மறைந்த ஃபோல்டரில், லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்று உள்ளே போனால் இருக்கும்.

முடிந்தால் இந்தச் சந்தர்ப்பத்திலேயே முக்கியமான கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடையும் டேஸ்-16ஐயும் தரமாக அறிவித்துவிட்டது. பழைய எழுத்துருவில் பூட்டிக் கிடக்கும் ஊர் வரலாறு, சங்கத் தீர்மானம், கவிதைத் தொகுப்பு ஆகியவற்றை நாளை யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. தட்டச்சுக்கு இ-கலப்பை, அழகி, என்எச்எம் ரைட்டர் பயன்படுத்துகிறவர்கள் அதன் நிறுவல் கோப்பையும் தங்கள் விசைப்பலகை அமைப்பையும் குறித்து வையுங்கள். தமிழ்99, அஞ்சல் இரண்டும் விண்டோஸ் 11க்குள்ளேயே இருக்கின்றன. அவை போதும் என்றால் தனி மென்பொருள் தேவையில்லை.

ஜிஎஸ்டி, வருமான வரிக்கு டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்திருப்பவர்கள் அதன் டிரைவரையும் அந்தத் தளங்கள் கேட்கும் கையொப்ப மென்பொருளையும் தனியே இறக்கி வைத்துக்கொண்டு, பின் எண்ணையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பயாஸில் செய்ய வேண்டியவை

ஹெல்த் செக்கில் ஏற்கெனவே ‘தகுதி உண்டு’ என்று பதில் பெற்றவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். மற்றவர்கள், நகலும் 48 இலக்க எண்ணும் கைக்கு வந்த பிறகே இதைத் தொடங்குங்கள்.

தேடல் பெட்டியில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறங்கள். பயாஸ் மோட் என்ற வரியில் யூஇஎஃப்ஐ என்று இருந்தால் வேலை எளிது: பயாஸுக்குள் போய் டிபிஎம்மையும் செக்யூர் பூட்டையும் இயக்கினால் போதும். டிஸ்க் பூட்டியிருந்தால் அதற்கு முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். பயாஸுக்குப் போகும் விசை கணினிக்குக் கணினி மாறும். டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10. விசையைத் தேடி அலைய விருப்பமில்லை என்றால் செட்டிங்ஸில் உள்ள ரெகவரி பக்கத்தின் அட்வான்ஸ்டு ஸ்டார்ட்அப் வழியாகவும் போகலாம்.

அந்த வரியில் லெகசி என்று இருந்தால் பொறுங்கள். டிஸ்க் எம்பிஆர் வடிவத்தில் இருக்கிறது. முதலில் அதை ஜிபிடி வடிவத்துக்கு மாற்றிவிட்டு, பிறகுதான் பயாஸை யூஇஎஃப்ஐக்குத் திருப்ப வேண்டும். முன்னதாகவே திருப்பிவிட்டால் விண்டோஸ் துவங்காது. அப்படி ஆகிவிட்டால் பதற வேண்டாம், பயாஸில் மீண்டும் லெகசியை வைத்தால் பழையபடி துவங்கும். வடிவத்தை மாற்ற விண்டோஸுக்குள்ளேயே எம்பிஆர்-2-ஜிபிடி என்ற கருவி இருக்கிறது, கோப்புகளை அழிக்காமலே மாற்றித்தரும். முதலில் சரிபார்க்க மட்டும் சொல்லுங்கள், அதில் தேறினால் மாற்றச் சொல்லுங்கள். கட்டளை எழுதிப் பழக்கமில்லாதவர்கள் இந்த ஒரு வேலைக்குத் தெரிந்தவரைக் கூப்பிடுவது நல்லது.

கணினி தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்குப் புதிய பயாஸ் வந்திருந்தால் அதையும் போடுங்கள். செக்யூர் பூட் சார்ந்திருக்கும் 2011ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் 2026 ஜூன் முதல் காலாவதியாகத் தொடங்குகின்றன. புதியவை விண்டோஸ் அப்டேட் வழியாக வரும். சில மாடல்களுக்கு பயாஸும் புதிதாக இருக்க வேண்டும். பயாஸ் எழுதப்படும் அந்தச் சில நிமிடங்களில் மின்சாரம் போனால் போர்டே பயனற்றுப் போகலாம். லேப்டாப்பில் முழு சார்ஜும் சார்ஜரும், மேசைக் கணினியில் நல்ல யுபிஎஸ்ஸும் இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

நாள் குறித்தல்

மாதச் சம்பளக்காரர்களுக்கு ஏதாவது ஒரு சனிக்கிழமை இரவு போதும். வியாபாரிகளுக்கு அப்படி அல்ல. மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர்களுக்கு 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி. இரண்டும் முடிந்து 21க்குப் பின் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் பகுதிக்கு மின்வாரியப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவிறக்கம் 5 ஜிபியைத் தாண்டலாம். நாளுக்கு ஒன்றரை ஜிபி தரும் கைபேசித் திட்டத்தின் ஹாட்ஸ்பாட்டில் இதைத் தொடங்கினால் பாதியில் நிற்கும். சி டிரைவில் குறைந்தது 30 ஜிபி காலியாக வையுங்கள். இடம் ஒதுக்க செட்டிங்ஸின் ஸ்டோரேஜில் டெம்பரரி ஃபைல்ஸை அழிப்பவர்கள், அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்ற வரியும் இருப்பதைக் கவனியுங்கள். அதில் டிக் அடித்தால் டவுன்லோட்ஸ் ஃபோல்டர் முழுவதும் காலியாகிவிடும்.

தொடங்கும் முன் வெளி ஆன்டிவைரஸ் இருந்தால் நீக்குங்கள். கீபோர்டு, மவுஸ் தவிர மாட்டியிருக்கும் பிரிண்டர், டோக்கன், பென் டிரைவ் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பிறகு விண்டோஸ் அப்டேட்டிலிருந்தோ, மைக்ரோசாஃப்டின் இன்ஸ்டலேஷன் அசிஸ்டன்ட் வழியாகவோ தொடங்கலாம். வேறு எந்தத் தளத்திலிருந்தும் விண்டோஸை இறக்காதீர்கள். ‘கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொள்’ என்ற தேர்வு இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த பொத்தானை அழுத்துங்கள். இடையில் ஒரே சதவீதத்தில் நெடுநேரம் நிற்கும், பலமுறை அணைந்து துவங்கும். டிஸ்க் விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கும்வரை பவர் பொத்தானை அழுத்த வேண்டாம்.

முதல் பத்து நாட்கள்

புதிய விண்டோஸ் பிடிக்கவில்லை, ஏதோ ஒன்று ஓடவில்லை என்றால் 10 நாட்களுக்குள் விண்டோஸ் 10க்குத் திரும்பலாம். செட்டிங்ஸின் சிஸ்டம், ரெகவரி பக்கத்தில் கோ பேக் பொத்தான் இருக்கும். அதற்குத் தேவையானவை எல்லாம் விண்டோஸ்.ஓல்டு என்ற ஃபோல்டரில் இருக்கின்றன. அது பல ஜிபி இடத்தைப் பிடித்திருப்பதைப் பார்த்து அழித்துவிட்டால் திரும்பும் வழி அடைபட்டுவிடும். திரும்பிப் போனால், மாறிய பிறகு நிறுவிய செயலிகள் தங்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எனவே அந்தப் பத்து நாட்களை வழக்கமான வேலையில் கழித்துவிடாமல், மாதம் ஒருமுறை செய்பவற்றையும் இப்போதே ஒருமுறை செய்து பாருங்கள். எல்லா பிரிண்டர்களிலும் ஒரு பக்கம் அச்சிடுங்கள். டோக்கனை மாட்டி ஜிஎஸ்டி தளத்தில் நுழையுங்கள். ஸ்கேனரில் ஒரு தாளை வையுங்கள். பாமினியில் இருக்கும் ஒரு பழைய கடிதத்தைத் திறங்கள். டாலியில் போன வருடக் கம்பெனியை ஏற்றுங்கள். ஏதாவது ஒன்று தடுமாறினால் அதன் டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுத்துப் போடுங்கள். அப்படியும் ஓடவில்லை, அது இல்லாமல் தொழில் நடக்காது என்றால், பத்தாம் நாளுக்கு முன் திரும்பிவிடுங்கள். பதினோராம் நாள் அந்தப் பொத்தான் இருக்காது.